முன்னே தள்ளும் கை

ஷிஹோ குரோய்வாவுக்கு வேண்டியிருந்தது ஆயிரம் மணி நேரம். ஹெலிகாப்டரைத் தன் பொறுப்பில் ஓட்டி ஆகாயத்தில் கழித்த ஆயிரம் மணி நேரம். அதற்குக் குறைவாக வைத்திருப்பவரை அவள் ஊரில் எந்த நிறுவனமும் ஏறெடுத்துப் பார்க்காது. எங்கள் ஊரிலும் அப்படித்தான். காப்பீட்டுக்காரர்கள் ஏதோ ஒரு காலத்தில் அந்த எண்ணைச் சொன்னார்கள்; அதன் பிறகு அது மலை மாதிரி நிலத்தில் ஊன்றிவிட்டது.

ஜப்பானில் நாகானோ மலைகளின் உச்சியில், நடைபயணிகள் தங்கும் விடுதி ஒன்றில் அவள் சமையல்காரியாக இருந்தவள். பனி உருகியதும் அரிசியும் எரிவாயு உருளையும் பீர் பீப்பாயும் ஹெலிகாப்டரில் வலை கட்டித் தொங்கி வரும். கீழே நின்று கொக்கியைக் கழற்றுவது அவள் வேலை. ஒரு வருடம் மேகம் விலகாமல் ஹெலிகாப்டர் வராததால், விடுதியில் காலை உடைத்துக்கொண்டு கிடந்த ஒரு மனிதனைத் தூக்கிக்கொண்டு நான்கு பேர் இறங்கினார்கள். அந்த நால்வரில் அவளும் ஒருத்தி. மேகத்தைக் கிழித்துக்கொண்டு வந்திருக்க வேண்டும் என்று அவள் ஒருபோதும் சொன்னதில்லை. "வராததுதான் சரி. ஆனா வரக்கூடிய நாள்ல நான் வருவேன்" என்பாள். அதற்காகத்தான் கிளம்பி வந்தாள்.

அங்கே பயிற்சிக்கு ஆகிற செலவில் ஒரு வீடு வாங்கலாம். அதனால் ஜப்பான்காரர்கள், கொரியர்கள், சுவீடன்காரர்கள், பிரேசில்காரர்கள் என்று எல்லோரும் கலிபோர்னியாவின் நடுப் பள்ளத்தாக்கில், பாதாம் தோப்புகளுக்கு நடுவே இருக்கும் எங்கள் பறப்புப் பள்ளியின் ஓடுபாதைக்கு வருகிறார்கள். எரிபொருள் மலிவு. வருடத்தில் பாதி நாள் வானம் துடைத்துவிட்டது போல இருக்கும். முன்மேசையில் உட்கார்ந்து யாருக்கு எந்த இயந்திரம், எத்தனை மணிக்கு என்று ஒழுங்கு செய்வது என் வேலை. வந்தவர்கள் எல்லோரையும் எனக்குத் தெரியும். திரும்பி வராதவர்களையும் தெரியும்.

இந்தத் தொழிலின் நடைமுறையைக் கேட்டால் வெளியாட்கள் நம்ப மாட்டார்கள். இருநூறு மணி நேரம் பறந்ததும் பயிற்றுநர் உரிமம் வாங்கலாம். ஆயிரம் மணி நேரம் இல்லாதவருக்கு வேறு வேலை கிடைக்காது. ஆகவே இருநூறு மணிக்காரர், பூஜ்ஜிய மணிக்காரருக்குச் சொல்லிக்கொடுத்துத்தான் ஆயிரத்தை எட்ட வேண்டும். நேற்று அந்தரத்தில் மிதக்கக் கற்றவர் இன்று மிதக்கக் கற்பிக்கிறார். ஆயிரம் வந்ததும் பறந்துபோகிறார். அனுபவம் அவரோடு போய்விடுகிறது, அறியாமை மட்டும் பள்ளியிலேயே நிரந்தரமாகத் தங்குகிறது. வெளிநாட்டவர் என்றால் இன்னொரு கயிறும் கட்டப்பட்டிருக்கும். பள்ளி முதலாளி 'இவர் எங்களிடம்தான் இருக்கிறார்' என்று அரசாங்கத்துக்குச் சொல்லும்வரைதான் அவர் இந்த நாட்டில் இருக்கலாம். முதலாளி வாயை மூடிக்கொண்டால் பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

எங்களிடமே பயிற்றுநரான ஷிஹோ அந்த வருடக் கோடையில் தொள்ளாயிரத்து ஐம்பதைத் தாண்டியிருந்தாள். நாகானோவில் ஒரு சரக்கு நிறுவனம், ஆயிரம் ஆனதும் வா என்று சொல்லியிருந்தது. நாட்காட்டியில் ஒன்றும் குறித்து வைக்காதவள் அவள். ஆனால் மதியச் சோற்று உருண்டையைத் தின்றுகொண்டே, "நொரீன், அடுத்த வாரம் எனக்கு எத்தனை வகுப்பு?" என்று கேட்காத நாள் இல்லை.

பறக்குமுன் இயந்திரத்தைச் சுற்றி வந்து சோதிப்பது எல்லோரும் செய்வதுதான். அவள் செய்வது வேறு மாதிரி. ஒவ்வொரு பாகத்துக்கு நேராகவும் ஆள்காட்டி விரலை நீட்டி, அதன் பெயரைச் சத்தமாகச் சொல்லி, "சரி!" என்பாள். அவர்கள் ஊர் ரயில் ஓட்டுநர்கள் அப்படித்தான் செய்வார்களாம். எங்கள் இயந்திரங்களைப் பழுது பார்ப்பவளான லூப்பே அர்ரியாகாவுக்கு அது தினசரி வேடிக்கை.

"என்னடி, பேயோட பேசி முடிச்சுட்டியா?"

"பேய் நல்லாத்தான் இருக்கு. நீ முடுக்கின போல்ட்டுதான் லூசா இருக்கு."

"ஏ புள்ள, என் போல்ட்டைப் பத்திப் பேசின, உன் சோத்து உருண்டையில கிரீஸ் தடவிருவேன்!"

ஜூலை மாதம் கேப்டன் ரொஜேரியோ தவோலாரோ வந்தார். பிரேசில் விமான நிறுவனம் ஒன்றில் பெரிய பயணிகள் விமானம் ஓட்டுபவர்; ஓட்டுபவர் மட்டும் அல்ல, இளம் விமானிகளைச் சோதித்துத் தேர்ச்சி போடும் பரிசோதகர். போன வருடம் தன் ஊரில் ஹெலிகாப்டர் உரிமமும் வாங்கியிருந்தார். விடுமுறை முழுவதும் எங்கள் நான்கு இருக்கை ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுத்து, மனைவி இவோனேயோடு மலைகளைத் தாண்டிக் கடற்கரைவரை பறப்பது திட்டம். அந்தப் பருவத்தில் எங்களுக்கு வந்த மிகப் பெரிய வாடகை அது. மனிதர் இனிமையானவர். முதல் நாளே எல்லோர் பெயரையும் கேட்டுத் தெரிந்துகொண்டார். லூப்பேயின் எண்ணெய்க் கையைத் தயங்காமல் பிடித்துக் குலுக்கினார்.

வெளிநாட்டவருக்குச் சாவியைக் கொடுக்குமுன், பயிற்றுநர் ஒருவர் கூடப் பறந்து பார்த்து, 'இவர் தனியே பறக்கலாம்' என்று அவருடைய பறப்புக் குறிப்பேட்டில் கையெழுத்துப் போட வேண்டும். அந்த வேலை ஷிஹோவுக்கு வந்தது.

மூன்று நாள் பறந்தார்கள். மூன்றாம் நாள் இறங்கியதும் கேப்டன் சிரித்துக்கொண்டே என் மேசைக்கு வந்தார். "உங்க வாத்தியாரம்மா ரொம்பக் கறார். நான் பறக்க ஆரம்பிச்சப்ப இந்தப் பொண்ணு பொறக்கவேயில்ல தெரியுமா!"

ஷிஹோ சிரிக்கவில்லை. நேராக முதலாளி வெர்ன் ப்ரூயிட்டின் அறைக்குப் போனாள். கதவு சாத்தாத அறை; என் மேசைக்கு எல்லாம் கேட்கும்.

"நான் கையெழுத்துப் போட மாட்டேன்."

"என்னம்மா ஆச்சு?"

"ஹாரன் அடிச்சா முன்னால தள்ளுறார்."

இதைக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். ஹெலிகாப்டரின் மேல்விசிறி வேகம் குறைந்தால் காதருகே ஹாரன் அலறும். உடனே இடது கை நெம்புகோலை இறக்கி, வலது கைக் கோலை மெல்ல வயிற்றுப் பக்கம் இழுக்க வேண்டும். விமானத்தில் இதற்கு நேர் எதிர். அங்கே எச்சரிக்கை ஒலி கேட்டால் மூக்கைக் கீழே தள்ளு என்பதுதான் முதல் பாடம். அதுதான் உயிரைக் காப்பாற்றும். அதே தள்ளலை எங்கள் ஹெலிகாப்டரில் செய்தால், இரண்டே தகடுள்ள விசிறி ஒரு நொடி பளு இல்லாமல் மிதக்கும். வண்டி பக்கவாட்டில் சாயும். விசிறித் தலை தாறுமாறாக ஆடி, தன்னைத் தாங்கி நிற்கும் தண்டையே அடிக்கும். தண்டு முறிந்தால் பிறகு பேச ஆள் இருக்காது. இந்தத் தவறைப் புதியவன் செய்ய மாட்டான். நன்றாகக் கற்ற விமானி மட்டுமே செய்வான்.

"எத்தனை தடவ தள்ளினாரு?" என்றார் வெர்ன்.

"எல்லாத் தடவையும். நான் கோலைப் பிடிச்சு நிறுத்தினேன். எனக்குத் தெரியுது, தெரியுதுன்னு சொல்றார். வாய்க்குத் தெரியுது. கைக்குத் தெரியல."

"அவருக்குப் பதினாலாயிரம் மணி நேரம் இருக்கு, ஷிஹோ. உனக்கு எவ்வளவு?"

"அதுதான் பிரச்சினையே. பதினாலாயிரம் மணி நேரம் அந்தக் கை அப்படியே பழகியிருக்கு. இன்னும் பத்து மணியாவது என்கூடப் பறக்கணும்."

"விடுமுறைக்கு வந்தவரு பள்ளிக்கூடம் போவாரா? நாளைக்கு வேற பள்ளியில போய் வாடகைக்கு எடுத்துப்பாரு." வெர்னின் நாற்காலி கிரீச்சிட்டது. "இங்க பாரும்மா. உனக்கு நாற்பது சொச்சம்தான் பாக்கி. நான் உனக்குக் கையெழுத்துப் போடுறதாலதான் நீ இந்த நாட்டுல இருக்க. ஒரே ஒரு கையெழுத்து, நீ போட மாட்டேங்கற."

"நீங்க போடுறது நான் இங்க இருக்கறதுக்கு. நான் போடுறது அவர் உயிரோட இருக்கறதுக்கு. ரெண்டும் ஒண்ணில்ல."

இதுதான் பாதுகாப்பு என்ற பெயரில் நாங்கள் கட்டிவைத்திருக்கும் ஏற்பாடு. 'முடியாது' என்று சொல்வதற்காக ஒருவரை நியமிக்கிறோம். 'முடியாது' என்று சொன்னால் அவருடைய வாழ்க்கை போய்விடும்படியும் பார்த்துக்கொள்கிறோம். மறுக்க முடியாதவரின் ஒப்புதலுக்கு என்ன மதிப்பு? முத்திரைக் கட்டையை மேசையில் வைத்துவிட்டு ஆளை வீட்டுக்கு அனுப்பிவிடலாமே.

மறுநாள் வெர்ன் தாமே கேப்டனோடு ஏறினார். அவருக்கும் பயிற்றுநர் உரிமம் உண்டு. ஓடுபாதையைச் சுற்றி அரை மணி நேரம், காலைக் குளிர் காற்றில், ஹாரன் ஒரு முறைகூட அடிக்காதபடி பறந்தார்கள். இறங்கி வந்து கையெழுத்துப் போட்டார். சாவியைத் தாமே எடுத்துக் கேப்டன் கையில் வைத்து, முதுகில் தட்டினார். எங்கள் ஊரில் வெர்னை நல்லவர் என்பார்கள். ஞாயிறு தவறாமல் தேவாலயம் போவார். காய்ச்சலில் கிடக்கிற மாணவனுக்கு சூப் எடுத்துப் போவார். எல்லாம் உண்மை. சூப் கொடுக்க அவருக்கு ஒன்றும் இழப்பு இல்லை.

இரண்டு நாள் கேப்டன் பள்ளத்தாக்கின்மேல் சமதரையில் பறந்தார், ஒன்றும் ஆகவில்லை. "பாத்தியா?" என்று வெர்ன் ஷிஹோவைப் பார்த்துக் கட்டைவிரலை உயர்த்தினார். விபத்து நடக்காததையே ஆபத்து இல்லாததற்குச் சாட்சியாக எடுத்துக்கொள்கிறவர்களிடம் என்ன பேசுவது?

மூன்றாம் நாள் கொளுத்துகிற வெயில். கணவனும் மனைவியும் முழு எரிபொருளோடு கிழக்கு மலைத்தொடரைத் தாண்டக் கிளம்பினார்கள். சாப்பாட்டு நேரத்துக்கு முன்பே திரும்பிவிட்டார்கள். விசிறி முழுதாக நிற்பதற்குள் இவோனே குனிந்தபடி இறங்கி, நேரே எங்கள் கழிப்பறைக்குள் ஓடினார். வாந்தி எடுக்கும் சத்தம் கேட்டது. தண்ணீர் எடுத்துக்கொண்டு போனேன். கழுத்துச் சங்கிலியில் தொங்கிய புனிதரின் பதக்கத்தை உள்ளங்கையில் பதியும்படி இறுக்கியிருந்தார்.

"என்னம்மா ஆச்சு?"

"மலை ஏறறப்ப... அந்தச் சத்தம் அடிச்சுது. அப்புறம் வயித்துக்குள்ள ஒண்ணுமே இல்லாத மாதிரி. அப்படியே சாஞ்சுது. தலைக்கு மேல யாரோ சுத்தியால அடிக்கற மாதிரி, டமார் டமார்னு..."

"இவோனே!" கேப்டன் கதவருகே நின்றிருந்தார். அவர் முகம் சாம்பல் பூத்திருந்தது.

அந்த அம்மாள் வாயைத் துடைத்துக்கொண்டார். "அழகா இருந்துச்சு" என்றார் என்னிடம். "மலையெல்லாம் ரொம்ப அழகு."

சாயங்காலத்துக்குள் லூப்பே ஏணியில் ஏறிப் பார்த்துவிட்டாள். விசிறித் தலை எல்லை மீறி ஆடாமல் தடுக்கத் தண்டின் இரு பக்கமும் ரப்பர் மாதிரித் தடுப்புக் கட்டைகள் உண்டு. ஒன்று பிளந்திருந்தது, மற்றது நசுங்கியிருந்தது. தலை அந்தக் கட்டைகளோடு நின்றிருக்கிறது. இன்னும் ஒரு விரல் அகலம் ஆடியிருந்தால் தண்டு. லூப்பே கீழே இறங்கி, எங்கள் எல்லோர் முன்னாலும் வெர்னிடம் சொன்னாள்.

வெர்ன் தொப்பியைக் கழற்றினார். "கடவுள் அவங்க கூட இருந்திருக்கார்."

"தண்டைக் காப்பாத்தினது கடவுள்னா, ரப்பரைப் பொளந்தது யாரு வெர்ன்?" என்றேன்.

அவர் என்னைப் பார்க்கவில்லை. விசிறித் தலையைப் பார்த்தபடியே, "காத்துல நிறுத்தறப்பவும் இது உடையும்" என்றார். "போன வாரம் அந்தப் பெரிய காத்து அடிச்ச அன்னிக்கு இந்த வண்டியை நிறுத்தினது யாரு? ஷிஹோ."

அது உண்மைதான். பலத்த காற்றில் விசிறியை நிறுத்தும்போது, வேகம் குறைந்த தகடுகள் ஆடி அந்தக் கட்டைகளை உடைப்பது உண்டு. ஆகாயத்தில் நடந்தது என்று ஒப்புக்கொண்டால் தண்டையும் தலையையும் கழற்ற வேண்டும், இயந்திரம் மாதக்கணக்கில் முடங்கும், கேப்டனுக்குக் கையெழுத்துப் போட்டது யார் என்று கேள்வி வரும். தரையில் நடந்தது என்றால் ஒரு பயிற்றுநரின் கவனக்குறைவு, அதோடு முடிந்தது.

"காத்துல உடைஞ்சுதா!" லூப்பே ஸ்பானரைத் தரையில் வீசினாள். "அவ தினமும் விரலை நீட்டிச் சத்தம் போட்டுப் பாக்கறதே இதைத்தானே! ஒரு வாரமா ஒடைஞ்ச கட்டையைப் பாத்து 'சரி'ன்னு சொல்லுவாளா? நீ கேப்டனோட ஏறின அன்னிக்குப் பாத்தியா நீ? அன்னிக்கு முழுசா இருந்துச்சா, இல்லையா?"

வெர்ன் பதில் சொல்லவில்லை. முழுசாக இருந்தது என்றால் கேப்டன் உடைத்தது. உடைந்திருந்தது என்றால் இவர் பார்க்காமல் பறந்தது. பதில் சொல்லாமல் இருக்கும் வசதி முதலாளிக்கு மட்டும்தான் உண்டு.

"கேப்டனையே கேட்டாச்சு" என்றார் கடைசியில். "பறந்தப்ப ஒண்ணும் ஆகலன்னு சொல்றார்."

அன்றே ஷிஹோவை வேலையிலிருந்து நிறுத்தினார். நான் விமானத் துறை அதிகாரியைத் தொலைபேசியில் பிடித்து நடந்ததைச் சொன்னேன். பொறுமையாகத்தான் கேட்டார். "கட்டை ரெண்டு விதமாவும் உடையலாங்க. வண்டியில இருந்தவங்க என்ன சொல்றாங்க?" என்று கேட்டார். கழிப்பறையில் நான் கேட்டதைச் சொன்னேன். "அதை அந்தம்மா எங்ககிட்டச் சொல்லுவாங்களா?" என்றார். அவரைக் குறை சொல்ல முடியவில்லை. ஆக, ஷிஹோவின் மிச்ச மணி நேரம், நாகானோ வேலை எல்லாமே கேப்டன் வாயைத் திறப்பதில் இருந்தது. இயந்திரத்தை உடைத்தவள் என்ற பெயரோடு வேறு எந்தப் பள்ளியும் அவளைச் சேர்க்காது. ஒவ்வொரு பள்ளியும் முதலில் வெர்னுக்குத்தான் தொலைபேசி போடும்.

அடுத்த நாள் காலை அவளை என் காரில் ஏற்றிக்கொண்டு கேப்டன் தங்கியிருந்த நெடுஞ்சாலை விடுதிக்குப் போனேன். வழியில் நான்தான் கத்திக்கொண்டே வந்தேன். அவள் பாதாம் மரங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

வரவேற்பறையில் காலைச் சாப்பாடு போட்டிருந்தார்கள். கேப்டன் ஒரு மூலையில் ஆறிப்போன காப்பிக்கு முன்னால் உட்கார்ந்திருந்தார். எங்களைப் பார்த்ததும் எழுந்தார். மரியாதை அவர் உடம்பில் ஊறியது.

"உக்காருங்க கேப்டன்" என்றாள் ஷிஹோ. "நடந்ததைச் சொல்லிடுங்க. அதை மட்டும் கேக்கத்தான் வந்தேன்."

அவர் உட்கார்ந்தார். பிறகு, "உனக்கு என்ன செலவானாலும் நான் தர்றேன் மகளே. டிக்கெட், மிச்சப் பயிற்சி, எல்லாம்" என்றார்.

"பணம் கேக்கல."

"நான் பரிசோதகன். சின்னப் பசங்க தப்பான கையைத் தூக்கினா ஃபெயில் போடுறவன். இது எழுத்துல வந்தா, அப்புறம் எந்த மூஞ்சியோட..." அவர் நிறுத்தினார். "எனக்கு இன்னும் நாலு வருஷம் இருக்கு. மன்னிச்சிரு. முடியாது."

"அவளுக்கு எத்தனை வருஷம் இருக்கு கேப்டன்?" என்றேன் நான். "உங்களை உயிரோட கொண்டுவரப் பாத்ததுக்கு அவ ஊருக்குப் போகணுமா?"

ஷிஹோ என் கையைத் தொட்டு நிறுத்தினாள். அந்த 'முடியாது'வோடு அவளுடைய ஆயிரம் மணி நேரம் முடிந்துவிட்டது. அவளுக்கும் அது தெரிந்துவிட்டது. எழுந்து வெளியே வந்துவிடுவாள் என்று நினைத்து நான் கார்ச்சாவியைக் கையில் எடுத்தேன்.

அவள் எழவில்லை. "ஹெலிகாப்டரை விட்டுடுவீங்களா?" என்று கேட்டாள்.

அவர் மேசையைப் பார்த்தபடி தலையை அசைத்தார். இல்லை. ஊரில் ஒன்று வாங்க முன்பணம் கொடுத்திருக்கிறாராம்.

"அந்தம்மாவும் கூட வருவாங்களா?"

"வருவா."

ஷிஹோ தன் நாற்காலியை இழுத்து அவருக்கு இடது பக்கம், பயிற்றுநர் உட்காரும் பக்கத்தில், போட்டுக்கொண்டாள். பக்கத்து மேசையிலிருந்து ஒரு நீளக் கரண்டியை எடுத்து அவர் வலது கையில் கொடுத்து, முழங்கால்களுக்கு நடுவே நிமிர்த்திப் பிடிக்க வைத்தாள். அவருடைய இடது கையை நாற்காலியின் ஓரத்தில் வைத்தாள்.

"ஏறிக்கிட்டிருக்கீங்க. வெயில். வண்டி கனம். அந்தம்மா பின்னால இருக்காங்க." பிறகு வாயைக் குவித்து அந்த ஹாரனை அப்படியே ஊதினாள். சாப்பிட்டுக்கொண்டிருந்த லாரிக்காரர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

கரண்டி முன்னால் போனது.

"மறுபடி" என்றாள்.

மறுபடி ஊதினாள். அவர் பல்லைக் கடித்துக்கொண்டு இடது கையை இறக்கினார். ஒரு கணம் தாமதமாக வலது கையை இழுத்தார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது. "மறுபடி." சரியாக வந்தது. "மறுபடி." சரியாக வந்தது. அவர் சற்று மூச்சு விட்டுச் சிரிக்கப் போனார். அவள் காத்திருந்தாள், காப்பியைக் குடிக்கச் சொன்னாள். அவர் இடது கையால் கோப்பையை உதட்டருகே கொண்டுபோனபோது, எதிர்பாராமல், சட்டென்று ஊதினாள்.

காப்பி சட்டையில் கொட்டியது. ஊருக்குத் திரும்பியதும் மனைவியைச் சுமந்துகொண்டு பறக்கப்போகிற அந்த வலது கை, கரண்டியோடு மேசை விளிம்புவரை போய் முட்டி நின்றது. முன்பக்கம்.

கேப்டன் அந்தக் கையையே பார்த்துக்கொண்டிருந்தார், அது வேறு யாருடையதோ போல.

"மறுபடி" என்றாள் ஷிஹோ.